கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வருகிறதா? குறைந்த செலவில் ஏர் டிரையர் செய்யலாம்

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் ஸ்ப்ரே வேலை செய்பவர்களுக்குத் தலைவலிதான். கதவுக்கு லேக்கர் (பளபளப்புப் பூச்சு) அடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்ப்ரே கன்னிலிருந்து ஒரு துளி தண்ணீர் தெறிக்கும். அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும், தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், ஜூனில் ஏறும் ஈரம் டிசம்பர் வரை பெரிதாக இறங்குவதில்லை. தக்கலையில் என் பட்டறையில் இதற்காகச் செய்து வைத்திருக்கும், கம்ப்ரசர் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் டிரையரை அப்படியே சொல்கிறேன்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில் அதில் 24 கிராம் இருக்கும். கம்ப்ரசர் 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் ஏற்றும்போது கிட்டத்தட்ட 9 கன மீட்டர் காற்று ஒன்றாகச் சுருங்குகிறது. அதில் உள்ள நீர் 216 கிராம், தாங்குவது 30 கிராம், மிச்சம் தண்ணீராகிவிடும். ஆனால் காற்று ஆறினால்தான் அது தண்ணீராகும். சூடாக இருக்கும்வரை நீராவியாகவே ஓடும். அதனால்தான் டேங்க் வாயிலேயே வாட்டர் செப்பரேட்டர் (காற்றிலுள்ள தண்ணீர்த் துளிகளைப் பிரிக்கும் கிண்ணம்) மாட்டியவர்களுக்குப் பலன் கிடைப்பதில்லை. நீராவி அதைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, கன்னுக்குப் பக்கத்தில் தண்ணீராகிறது.

ஆகவே வரிசை இதுதான்: டேங்க், செம்புச் சுருள், செப்பரேட்டர், மிச்ச ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர். ரெகுலேட்டரை முன்னால் கொண்டுவராதீர்கள். அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதுதான் தண்ணீர் நன்றாகப் பிரியும்.

சுருளுக்கு ஏசிக்குப் போடும் செம்புக் குழாய் அரை இஞ்சில் 30 அடி வாங்குங்கள். கால் இஞ்ச் போட்டால் கன்னுக்குக் காற்று பத்தாது. 9 இஞ்ச் விட்டமுள்ள வாளியைச் சுற்றி மெதுவாக வளைத்தால் பத்துப் பன்னிரண்டு சுற்று வரும். நுனிகளை ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்து ஃபிளேர் செய்து (வாயை விரித்து) பித்தளை நட்டு போட்டுக்கொள்ளுங்கள், வெல்டிங் தேவையில்லை. இந்தச் சுருள், காற்று ஆறுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் பெயின்ட் டிரம்முக்குள் நிற்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். காற்று சுருளின் மேலே நுழைந்து கீழே வெளியேற வேண்டும். டிரம்மில் ஓட்டை போடத் தயங்கி, அடி நுனியை மேலே வளைத்து விளிம்பு வழியாக எடுப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் அடிச்சுற்றில் தண்ணீர் தேங்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு டிரிக்கரை அழுத்தும்போது தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே வீச்சில் கிளம்பி வரும், செப்பரேட்டராலும் தடுக்க முடியாது. டிரம்மின் அடிப்பக்கச் சுவரில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் பொருத்தும் குழாய் இணைப்பு) வைத்து, குழாயை அதன் வழியே வெளியே எடுத்து, இடைவெளியை எம்-சீலால் அடையுங்கள். ஒவ்வொரு சுற்றும் சரிந்து இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தொய்ந்த இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. செப்பரேட்டர் இதற்கும் கீழே, டிரம்மை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தால் சரியாக வரும்.

செப்பரேட்டரில் உலோகக் கூடு போட்ட கிண்ணம் உள்ளதையே வாங்குங்கள். பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) கிண்ணத்தைத் தின்னரால் கழுவக் கூடாது, விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும். ஆயில் ஊற்றும் லூப்ரிகேட்டர் சேர்ந்து வரும் செட் பெயின்ட் வேலைக்கு ஆகாது.

சிலிக்கா ஜெல்லுக்குப் பலர் ஆர்ஓ ஃபில்டர் கூட்டைப் பயன்படுத்துகிறார்கள். நான் அதைத் தொடவே மாட்டேன். அது தண்ணீருக்குச் செய்தது, காற்றழுத்தத்தில் உடைந்தால் துண்டுகள் சீறிப் பாயும். 2 இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஓரடி வெட்டி, இரு பக்கமும் மரை போட்டு, அரை இஞ்சுக்கு இறங்கும் ரெட்யூசர் மாட்டுங்கள். இரண்டு நுனியிலும் எவர்சில்வர் வலை. அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஜெல் பிடிக்கும். செங்குத்தாகத்தான் மாட்ட வேண்டும். படுக்க வைத்தால் ஜெல் அமுங்கி, மேலே உள்ள இடைவெளியிலேயே காற்று தப்பிவிடும். ஜெல் தூள் கன்னுக்குப் போகாமல் இதற்கு அப்புறம் ஒரு சின்ன ஃபில்டர் வையுங்கள்.

நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, உடம்புக்கு நல்லதல்ல. ஆரஞ்சு வாங்குங்கள். ஈரம் பிடித்தால் பச்சையாகும். 120 டிகிரியைத் தாண்டாமல் ஓவனில் காய வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நம் ஊர் வெயில் இதற்குப் போதாது.

ஜெல் போடுவதற்கு முன் பிளம்பரின் பிரஷர் பம்பால் ஜிஐ குழாயில் தண்ணீர் நிரப்பி 12 கிலோ வரை ஏற்றிப் பாருங்கள். தண்ணீரில் சோதித்தால் இணைப்பு விட்டாலும் வெடிக்காது. எல்லாம் மாட்டியபின் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்து, ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு நிமிடம் காற்றை அடியுங்கள். பொட்டு ஈரம்கூடப் படியக் கூடாது.

பிவிசி குழாய், டிரம்மில் ஊற்றும் தண்ணீர் பற்றிப் பின்னூட்டத்தில் வந்த கேள்விகளுக்காகச் சேர்த்தது: காற்று லைனுக்கு பிவிசி குழாய் கூடவே கூடாது, ஆர்ஓ கூட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான். டிரம்மில் சாதாரண நாட்களில் கிணற்றுத் தண்ணீர் போதும். பெரிய வேலை நாளில் மீன் ஐஸ் போடலாம். குளச்சல், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு அது எளிதாகக் கிடைக்கும். தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கினால் சுருளில் உள்ள காற்று கன மீட்டருக்கு 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். ஐஸோடு உப்பு சேர்க்காதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே போய்க் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். டேங்கின் அடி வால்வையும் தினமும் சாயங்காலம் திறந்து வடித்துவிடுங்கள்.