'செல்டிக்' பிளேலிஸ்டை நம்பி ஸ்காட்லாந்து இசைக்குள் போகாதீர்கள்

யூடியூபில் 'செல்டிக் மியூசிக்' (அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற இடங்களின் இசைக்குப் பொதுவாக ஒட்டும் பெயர்) என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது ஒரு மூன்று மணி நேர வீடியோவாகத்தான் இருக்கும். பனிமூட்டம், இடிந்த கோட்டை, பின்னால் ஏதோ ஒரு குழல். வாசிப்பது யார், எந்த ஊர்க்காரர், என்ன மெட்டு, ஒரு விவரமும் இருக்காது. ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற இசையை அங்கிருந்து தொடங்குவதுதான் பெரிய தவறு, மற்றவை பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள்.

முதலில் அயர்லாந்துக் குழப்பம். டப்ளினர்ஸ், சீஃப்டன்ஸ் எல்லாம் அருமையான குழுக்கள், ஆனால் அவை அயர்லாந்துக் குழுக்கள். இரண்டு நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, ரீல், ஜிக் என்ற நடன மெட்டுகள் இரண்டும் இரு பக்கமும் வாசிக்கப்படுகின்றன, 'பாய்ஸ் ஆஃப் த லாக்' போன்ற குழுவில் இரு நாட்டுக்காரர்களும் சேர்ந்தே வாசித்தார்கள். சரி, பிறகு எப்படிப் பிரித்துக் கேட்பது? ஸ்ட்ராத்ஸ்பேயைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நடன மெட்டு ஸ்காட்லாந்தின் சொந்தச் சரக்கு: ரீலைவிட நிதானமான நான்கு தாளம், ஒரு குட்டி ஸ்வரம் வெட்டென்று விழுந்து அடுத்த நீள ஸ்வரத்தில் போய் உட்காரும். 'ஸ்ட்ராத்ஸ்பே ராஜா' என்றே பெயர் வாங்கிய பிடில்காரர் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னரின் (1843–1927) பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேட்டால் அந்த வெட்டு தெளிவாகப் பிடிபடும். அப்புறம் ஷெட்லாண்ட் தீவின் ஆலி பெயின் வாசிக்கும் பிடிலைக் கேளுங்கள், ஒரே நாட்டுக்குள் வில் போடும் விதம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

பேக்பைப் (காற்றடைத்த பையை அமுக்கி வாசிக்கும் குழல்) விஷயத்தில் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்வார்கள். ஒரு அணிவகுப்பு வீடியோவை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'இரைச்சல், சுருதி சேரவில்லை' என்று மூடிவிடுவது அநியாயம். ஸ்காட்லாந்தின் பேக்பைப்பான ஹைலாண்ட் பைப்பில் விரல் வைக்கும் குழலில் ஒன்பதே ஸ்வரங்கள், அவற்றின் இடைவெளிகள் பியானோவோடு பொருந்தாது, அது பிசகு இல்லை, தோளில் சாய்ந்திருக்கும் மூன்று ட்ரோன் குழல்களோடு சேரும்படி வைத்தது. நாகஸ்வரத்துக்கு ஒத்து இருப்பதைப் போல அந்த மூன்றும் ஓயாமல் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது. அப்படியானால் ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை எப்படி வாசிப்பது? நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். பைப் வாசிப்பவரின் கெட்டிக்காரத்தனம் பெரும்பாலும் இந்தத் தொடுகைகளில்தான் இருக்கிறது, மெட்டை மட்டும் பின்தொடர்ந்தால் பாதி கைநழுவிப் போகும். பீப்ராக் என்ற பெரிய வடிவத்தை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடாதீர்கள். மெதுவான மூல மெட்டு, அதன் மேல் படிப்படியாக ஏறும் மாற்றங்கள், கடைசியில் மறுபடி மூல மெட்டு என்று பத்துப் பதினைந்து நிமிடம் போகும் சங்கதி அது.

இன்னொன்று, பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்த பைப் பேண்ட் போட்டிகளில் ஜெயிப்பவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு. கிளாஸ்கோவில் நடக்கும் உலகப் போட்டியில் வட அயர்லாந்தின் ஃபீல்ட் மார்ஷல் மான்ட்கோமரி அணியும் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக அணியும் பல முறை கோப்பையைத் தூக்கியிருக்கின்றன.

பெயர்களும் காலை வாரும். 'பேட்டில்ஃபீல்ட் பேண்ட்' என்றதும் போர்ப் பாட்டு என்று நினைப்பார்கள், அது அவர்கள் தொடங்கிய கிளாஸ்கோ பேட்டையின் பெயர். சில்லி விசார்ட் குழுவின் பாடகர் ஆண்டி எம். ஸ்டூவர்ட் வேறு, டார்ட்டன் என்ற கட்டம் போட்ட உடையில் தொலைக்காட்சியில் பாடிய ஆண்டி ஸ்டூவர்ட் வேறு. தேடும்போது அந்த 'எம்'மை விட்டால் முற்றிலும் வேறு உலகத்தில் போய் இறங்குவீர்கள்.

பழைய வாசனை அடிப்பதெல்லாம் பழசு என்பதும் தப்பு. ரக்பி மைதானமே எழுந்து நின்று பாடும் 'ஃப்ளவர் ஆஃப் ஸ்காட்லாண்ட்' 1960களில் கோரீஸ் குழுவின் ராய் வில்லியம்சன் எழுதியது. தலைகீழாகவும் நடக்கும்: 1992இல் கேப்பர்கேலி குழு பாடி பிரிட்டனின் டாப் 40 பட்டியலுக்குள் நுழைந்த கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) பாட்டு பல நூற்றாண்டுப் பழசு. அதை மாயலோகத் தாலாட்டு மாதிரி ரசிப்பவர்கள் உண்டு, உண்மையில் அது வேலைப் பாட்டு. நாள்பட்ட மூத்திரத்தில் ஊறிய கம்பளித் துணியை மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அடித்து அடித்துக் கைமாற்றி இறுக்கும்போது, ஒருத்தி அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடியது. தாளம் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று இப்போது புரியும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, பக்கவாத்தியம் இல்லாத பாட்டைத் தாண்டிப் போவதுதான். அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்று ஒரு பெண், ஊர் ஊராகத் திரிந்து வாழ்ந்த டிராவலர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஊரார் ஏளனமாகப் பார்த்த சமூகம் அது. 1953இல் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஹாமிஷ் ஹெண்டர்சன் அவரைக் கண்டுபிடித்து, அவர் பாடிய நீண்ட கதைப்பாடல்களைப் பதிவு செய்தார். குழுக்கள் மேடையில் பாடும் பாட்டுகளில் பலவும் இப்படிப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்தவை. டோபர் அன் டூல்கைஸ் என்ற இணையக் காப்பகத்தில் இத்தகைய வீட்டுப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, காசில்லாமல் கேட்கலாம். முதலில் வறட்சியாகத்தான் இருக்கும். கிடாரோ பிடிலோ வரும் என்று காத்திருக்காமல் கதையைப் பின்தொடருங்கள்.

எடின்பரோ போகும் யோகம் வாய்த்தால் சாண்டி பெல்ஸ் பப்பில் செஷன், அதாவது வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசிப்பதை, கேட்கலாம். வாத்தியக்காரர்கள் சுற்றி உட்காரும் மூலையில் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், ரக்பி பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று மெட்டுகளை இடைவெளி விடாமல் கோர்த்து வாசிப்பார்கள், ஒன்று முடிந்ததென்று நடுவில் கைதட்டினால் அடுத்தது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும். மெட்டின் பெயர் வேண்டுமென்றால் எல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள். வாசித்தவருக்கே பெயர் தெரியாமல் போவதும் உண்டு, பக்கத்தில் இருப்பவர் ஒரு பெயர் சொல்ல, அதற்கடுத்தவர் அது இல்லை என்பார்.