லாரி கம்பெனியில் சேரும் முன்: வேலூர்ப் பக்கத்துப் புது டிரைவர்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுகள், சென்னை–பெங்களூர் ரோடு. இந்தப் பக்கம் லோடுக்கும் பஞ்சமில்லை, டிரைவர் வேலைக்கும் பஞ்சமில்லை. அதனால்தான் ஹெவி லைசென்ஸ் வாங்கிய கையோடு அவசரப்பட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். ட்ரிப்புக்குத் தரும் படியான பேட்டாவைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும்: "பேட்டா எவ்வளவு எதிர்பார்க்கிற?" என்று ஓனர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டீசல் கூடினால், சரக்கு குறைந்தால், டயர் வெடித்தால், ஃபைன் வந்தால் அந்தப் பணம் யார் தலையில் விழும்? பேட்டா நல்ல தொகையாக இருக்கும். பிடித்தம் போக கையில் நிற்பதுதான் உங்கள் சம்பளம்.

முதலில் லைசென்ஸ். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கான எல்.எல்.ஆர். போடவே, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எல்.எம்.வி. (கார் போன்ற இலகு ரக வாகன) லைசென்ஸை வைத்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதைக் காட்டி "டாரஸும் (பெரிய கனரக லாரி) ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகுதியில்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலிக்க வரும். ஓனர் உங்களைத் தேடி வருவார். ஒரிஜினல் லைசென்ஸைக் கம்பெனி அலமாரியில் கொடுத்து வைக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் அந்த இடத்தில் வேலையே வேண்டாம்.

வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை என்று தெரிந்துவிடும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரைவர், கிளீனருக்கான பாதுகாப்புக்குத் தனி வரியில் பிரீமியம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சின்னத் தொகைதான், ஆனாலும் பலர் அதைக் கட்டுவதில்லை.

அடுத்து வண்டியிடம் போங்கள். அரை மணி நேரம் போதும். இன்ஜினை ஓட்டி ஏர் முழுசாக ஏறியதும் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஏர் மீட்டரைப் பாருங்கள். முதலில் ஒரு இறக்கம் இறங்கி முள் நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ லீக். ஏர் டேங்க் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தண்ணீரோடு ஆயில் கலந்து பால்போல வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட் லூஸ். டயரை லிவரால் தட்டுங்கள், உள்சக்கரத்தையும் விடாமல். காற்றுள்ள டயர் "டங்" என்று கையைத் திருப்பித் தள்ளும், இறங்கியது மொத்தென்று அடி வாங்கும். பட்டையில் (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு) சென்டர் போல்ட் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் டெஃப் திரவம் தீர்ந்தால் இன்ஜின் இழுக்காது. டெஃபில் தண்ணீர் கலந்தால் பெரிய செலவு. டெஃபை யார் வாங்கித் தருவது என்று கேட்டு வையுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டிக்கு அது கிடையாது, வேலூர் சித்திரை வெயிலையும் கணக்கில் வையுங்கள்.

இனி டீசல். புது டிரைவர் அதிகம் அடிபடுவது இங்கேதான். "மைலேஜ் 4 வரணும், குறைஞ்சா உன் கணக்கு" என்பார்கள். ராணிப்பேட்டையிலிருந்து மும்பை சுமார் 1,200 கி.மீ., போய்வர 2,400. நான்கு கொடுத்தால் 600 லிட்டர். வண்டி உண்மையில் 3.7 தான் கொடுக்கிறது என்றால் 649 லிட்டர். அந்த 49 லிட்டரை, லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், 4,500 ரூபாய் உங்கள் பேட்டாவில் போகும். டயரில் காற்றுக் குறைவு, அடைத்த ஏர் ஃபில்டர், கிளட்ச் நழுவல், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் இன்ஜினை ஓட விடுவது எல்லாம் டீசலைக் குடிக்கும். முப்பது கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு பிரேக் டிரம் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடவே வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது. அதனால் முதல் ட்ரிப்பை டேங்க் நிரப்பிக் கிளம்பி, திரும்பி அதே பங்கில் நிரப்பிக் கணக்கெடுக்கலாம் என்று சொல்லுங்கள். மைலேஜைப் பேசுவது அதற்கு அப்புறம். நியாயமான ஓனர் இதற்கு மறுக்க மாட்டார்.

ஓவர்லோடுக்கு வாயால் பதில் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 28,500 கிலோ, வெற்று எடை 9,500 என்றிருந்தால் ஏற்றலாம் 19,000 கிலோ, அவ்வளவுதான். மிஞ்சினால் 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. எடை மேடைச் சீட்டை போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். "தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

தோல் லோடுக்கென்று சில சங்கதிகள் உண்டு. உப்புத்தோல் ஏற்றினால் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் ஒழுகி சேஸிஸையும் பிரேக் பைப்பையும் அரிக்கும். இறக்கியதும் அடிப்பக்கம் வரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தச் செலவும் பேச்சில் இருக்கட்டும். தோல் ஷெட்டுக்குப் போகும் ரசாயனத்தில்தான் உயிர் போகும் ஆபத்து. முடி நீக்கும் சோடியம் சல்பைடையும் அமில கேன்களையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். அபாய ரசாயனம் ஏற்ற லைசென்ஸில் தனிப் பதிவு வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், அந்த லைசென்ஸ் மூன்றாண்டுதான் செல்லும். சரக்கோடு வரும் அவசரக் குறிப்பு அட்டை கேபினில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பேப்பர்களில் முக்கியம் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு. அதிலுள்ள வண்டி நம்பரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அது செல்லும் காலம் 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு, மும்பைக்கு ஆறு நாள். வழியில் பிரேக்டவுன் ஆனால் காலாவதிக்கு முன் எட்டு மணி, பின் எட்டு மணிக்குள் நீட்டிக்க முடியும். உடனே ஆபீசுக்குப் போன் போடுங்கள். சீல் வைத்த லோடு என்றால் எல்.ஆரில் (லாரி ரசீது) "எண்ணிப் பார்க்கவில்லை, சீல் நம்பர் இன்னது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஷார்ட்டேஜ் பிடித்தத்துக்கு இடமில்லை.

நேரக் கணக்கைப் பேசாமல் லாங் ரூட் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு என்பது 1961 சட்டம் முதல் பேசப்படும் அளவு. மும்பைக்குச் சராசரி 40 கி.மீ. வேகத்தில் 30 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். தனியாளுக்கு நாலு நாள் வேலை அது. "நாளன்னிக்குக் காலையில இறக்கணும்" என்றால் செட் டிரைவர், அதாவது மாற்றி ஓட்ட இன்னொரு டிரைவர் வேண்டும். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதி 2018-ல் போய்விட்டது. அதனால் நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

சேலம், கோவை லோடு என்றால் கிருஷ்ணகிரி தாண்டி தொப்பூர் இறக்கம் காத்திருக்கிறது. கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள், எக்ஸாஸ்ட் பிரேக் போடுங்கள். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிமானம் போய்விடும். முழு எடையும் பிரேக் லைனிங் மேல் விழும், டிரம் சூடாகி பிரேக் பிடிக்காது. விட்டுவிட்டு அழுத்தமாக மிதியுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள். லைனிங் கருகும் வாடை வந்தால் ஒதுங்கி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.

விபத்து என்றால் அடிபட்டவருக்கு வைத்திய உதவி செய்வதும் போலீசுக்குச் சொல்வதும் சட்டப்படி டிரைவர் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். வேலையில் சேர்ந்ததும் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் ட்ரிப் முடிந்து கணக்கு பார்க்கும்போது ஒவ்வொரு பிடித்தமும் சீட்டில் எழுதி வரட்டும். "அடுத்த ட்ரிப்ல பாத்துக்கலாம்" என்று கிளார்க் சொன்னால், பழைய கணக்கு தீரும்வரை அடுத்த லோடுக்குச் சாவி வாங்காதீர்கள்.