சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை மணி நேரம்?

மகள் நியூயார்க்கில் இருப்பதால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். முதலில் தட்டை வரைபடத்தை மூடிவையுங்கள். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும்: சுமார் 15,350 கி.மீ. (பின்காற்று கிடைக்கும் என்று விமானம் பசிபிக் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு.) மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது, சுற்றுவழி என்று ஒன்றரை மணி கூட்டுங்கள். பதினெட்டரை.

அப்புறம் கடிகாரம். நள்ளிரவு 12-க்குக் கிளம்பினால், இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6.30. அதில் நியூயார்க்கின் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி கழியுங்கள். அதாவது கோடையில் அதே நாள் காலை 6.30. முதல் தடவை நான் கழிக்க மறந்து மகளை மாலையில் வரச் சொல்லிவிட்டு, விடிகாலையில் பெட்டியோடு நின்றேன்.