நியூட்ரான் விண்மீனின் உச்ச நிறை: தாளில் கணக்கிடும் முறை

பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், அணுக்கருவைப் போல் அடர்ந்த உள்ளகமே நியூட்ரான் விண்மீன். அது எவ்வளவு கனமாக இருக்க முடியும்? பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். விடையை ஓரளவு நெருங்கிவிடலாம்.

படி 1: சூரியனின் நிறையைக் கருந்துளையாகச் சுருக்கினால் அதன் ஆரம் 2.95 கி.மீ. நிறை M மடங்கானால் ஆரமும் M மடங்கு.

படி 2: இதை 9/8ஆல் பெருக்குங்கள்: 3.32 கி.மீ. 1959இல் புக்டால் நிறுவிய எல்லை இது. இதைவிடச் சிறிதாகச் சுருங்கிய விண்மீன் எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும் நிலைத்து நிற்காது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மொத்தக் கணக்கின் உயிர்நாடி இதுதான். நியூட்டனின் விதிப்படி நிறை மட்டுமே ஈர்க்கும். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்க்கும். விண்மீன் நொறுங்காமல் இருக்க உள்ளே அழுத்தம் கூட வேண்டும். கூடிய அழுத்தமோ ஈர்ப்பையும் கூட்டிவிடுகிறது. வேலியே பயிரை மேய்கிறது. அதனால்தான் எத்தனை உறுதியான பொருளுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

படி 3: M சூரிய நிறையை 3.32 × M கி.மீ. ஆரமுள்ள கோளத்தில் அடைத்தால், அடர்த்தி கன மீட்டருக்கு 1.3 × 10¹⁹ ÷ M² கிலோகிராம். அணுக்கருவின் அடர்த்தி ஏறத்தாழ 2.7 × 10¹⁷. இரண்டையும் சமப்படுத்தினால் M² = 48; M சுமார் 6.9.

படி 4: இந்த 6.9 மிக அதிகம். விண்மீன் முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டோம். அப்படியென்றால் அது துளியும் அமுங்காத பொருள், அதில் ஒலியின் வேகம் முடிவிலி. ஒலி ஒளியை முந்தக் கூடாது என்ற நிபந்தனையைக் கொண்டு 1974இல் ரோட்ஸும் ருஃபினியும் உச்சவரம்பை 3.2 சூரிய நிறைக்கு இறக்கினார்கள். மையத்தில் என்ன பொருள் இருக்கிறது என்று அறியாமலேயே இதைச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

படி 5: இனி கீழிருந்து வாருங்கள். 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் நியூட்ரான்களை ஒன்றையொன்று தள்ளாத வாயுவாகக் கருதிப் பெற்ற விடை வெறும் 0.7 சூரிய நிறை. வானமோ வேறு சொல்கிறது: ஜே0740+6620 என்ற துடிவிண்மீனின் (சுழன்றபடி துடிப்புகளாகக் கதிர்வீசும் நியூட்ரான் விண்மீன்) நிறை சுமார் 2.08 சூரிய நிறை. மிக நெருங்கிய நியூட்ரான்களுக்கிடையே வலுவான விலக்குவிசை இருந்தால்தான் இவ்வளவைத் தாங்க முடியும். 2017 ஆகஸ்டில் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலை ஆராய்ந்த பலர் உச்சவரம்பை 2.2 முதல் 2.3 வரை மதிப்பிட்டார்கள்.

இந்த உச்சவரம்புகள் சுழலாத விண்மீனுக்கானவை. சீரான, அதிவேகச் சுழற்சி சுமார் 20 சதவீதம் வரை கூடுதலாகத் தாங்க உதவும். ஆனால் ஜே0740+6620 நொடிக்கு 346 முறை சுழன்றும் அதற்குக் கிடைக்கும் உதவி மிகச் சிறிதே.