காற்றிலும் நீரிலும் பாதரசம்: அளக்கும் முறையும் கட்டுப்படுத்தும் வழியும்

பாதரச மாசைக் கட்டுப்படுத்த முனைவோர், அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கு முன் எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வேறு தனிமத்தோடு சேராத தனிமநிலைப் பாதரச ஆவி நீரில் மிகச் சிறிதளவே கரைவதால், காற்றில் மாதக்கணக்கில் தங்கி நெடுந்தொலைவு பயணிக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசம் நீரில் எளிதாகக் கரைகிறது. துகள்களில் ஒட்டியது தூசியோடு படிகிறது. நீர்நிலையின் அடிவண்டலில், ஆக்சிஜன் குறைந்த சூழலில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் மெத்தில் பாதரசம் மீன்களின் உடலில் படிப்படியாகச் சேர்வதால், நீரில் மிகக் குறைந்த அளவே இருந்தாலும் மீனில் ஆபத்தான அளவை எட்டிவிடும்.

நீரை அளக்கும்போது பிழை பெரும்பாலும் கருவியில் நேர்வதில்லை. மாதிரி எடுக்கும் இடத்திலேயே நேர்கிறது. பாலித்தீன் புட்டியின் சுவரைப் பாதரச ஆவி ஊடுருவும் என்பதால், அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடி அல்லது ஃப்ளூரோபாலிமர் (டெஃப்லான் போன்ற நெகிழி) புட்டியையே பயன்படுத்த வேண்டும். இருவர் சேர்ந்து மாதிரி எடுப்பது நல்லது: ஒருவர் வெளிப்பையைத் திறப்பது, படகையும் கயிற்றையும் கையாள்வது போன்ற வேலைகளைச் செய்ய, மற்றவர் புட்டியைத் தவிர வேறெதையும் தொடாதிருக்க வேண்டும். பல்லில் பாதரசக் கலவை அடைத்திருப்பவர் திறந்த புட்டியின்மேல் மூச்சுவிட்டாலே மாதிரி கெடலாம் என்பது மிகையான எச்சரிக்கை அன்று. இங்கே அளக்கப்படுவது ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கு. தூய நீரை நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றையும் களத்திற்கு எடுத்துச் சென்று அதே முறையில் கையாண்டால்தான், வந்த அளவில் நமது கைக்குற்றம் எவ்வளவு என்பது தெரியும்.

ஆய்வகத்தில் மாதிரியுடன் ஆக்சிஜனேற்றும் வினைப்பொருளான புரோமின் மோனோகுளோரைடைச் சேர்த்து எல்லா வடிவங்களையும் அயனியாக மாற்றுவார்கள். மஞ்சள் நிறம் நிலைத்து நிற்க வேண்டும். அது மறைந்தால் வினைப்பொருள் போதவில்லை என்று பொருள், மேலும் சேர்க்க வேண்டும். பிறகு ஹைட்ராக்சிலமீனால் எஞ்சிய புரோமின் மோனோகுளோரைடை நீக்கி, ஸ்டானஸ் குளோரைடால் பாதரசத்தை ஆவியாக்கி, 253.7 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். உலக சுகாதார அமைப்பு கனிமப் பாதரசத்திற்குக் குடிநீரில் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என வழிகாட்டி அளவு தந்துள்ளது. அந்த அளவைச் சோதிக்க ஒளி உறிஞ்சல் முறை போதுமானது. ஆற்று நீரின் இயல்பு அளவை அறியவோ அதைவிட நுட்பமான ஒளிர்வு முறை தேவைப்படும்.

காற்றை அளப்பதற்குத் தங்கம் பூசிய பொறிக்குள் அதைச் செலுத்தினால் பாதரசம் தங்கத்தோடு கலவையாகிப் பிடிபடும், சூடாக்கினால் வெளிவரும். புகைபோக்கியிலோ வடிவங்களைத் தனித்தனியே பிடிக்க வேண்டும். துகளை வடிகட்டியிலும், ஆக்சிஜனேற்ற வடிவத்தைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலும், தனிமநிலை ஆவியின் பெரும்பகுதியைப் பெர்மாங்கனேட் கரைசலிலும் பிடிப்பது வழக்கம்.

கட்டுப்பாட்டுக் கருவியை இந்த முடிவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். துகளுக்குப் பை வடிகட்டியும், ஆக்சிஜனேற்ற வடிவத்திற்குப் புகையை நீர்மத்தால் கழுவும் ஈரக் கழுவியும் போதும். ஆவியோ இரண்டையும் கடந்துவிடும்; அதற்கு வடிகட்டிக்கு முன்னால் புரோமின் ஏற்றிய ஆக்டிவேட்டட் கார்பன் தூளைத் தூவ வேண்டும். ஈரக் கழுவியில் கரைந்த பாதரசம் சில வேளைகளில் மீண்டும் ஆவியாகி வெளியேறும் என்பதால், கழுவியின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் தனிமநிலை ஆவியை அளந்து ஒப்பிட வேண்டும்.

கழிவுநீரில் சல்பைடு சேர்த்தால் பாதரசம் கரையாத பாதரச சல்பைடாக வீழ்படியும். ஆனால் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால் வீழ்படிவே மீண்டும் கரையத் தொடங்கும். ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்து, வடிகட்டிய நீரை ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். எஞ்சும் மிகச் சிறிய அளவை, பாதரசத்தோடு இறுகப் பிணையும் கந்தகத் தொகுதி கொண்ட தயோல் பிசின் பிடிக்கும். வீழ்படிவான சேற்றையும் பயன்படுத்திய கார்பன் தூளையும், ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடில்லாத எரிப்பானில் இடக் கூடாது. இட்டால், பிடித்து வைத்த பாதரசம் பெரும்பாலும் காற்றுக்கே போய்விடும்.