பிளேயர் பியானோவின் தோல் பவுச்: காற்றுக் கசிவை அடைக்கும் முறை

காகிதச் சுருளின் ஓட்டைகளைக் கொண்டு தானே வாசிக்கும் பழைய 88 சுரப் பிளேயர் பியானோவில் சுரத்துக்கு ஒரு பவுச் உண்டு. பலகையில் குடைந்த பள்ளத்தின் மேல் ஒட்டிய மெல்லிய தோல் வட்டம் அது. காகிதச் சுருளின் ஓட்டை வந்ததும் வெளிக்காற்று அடியில் புகுந்து தோலை உயர்த்தும். உயர்ந்த தோல், வால்வைத் தூக்கிச் சுரத்தை ஒலிக்கவைக்கும். தோல் கசிந்தால் அந்த விசை குறைந்துவிடும். காற்றை உறிஞ்சும் மிதியைப் பலமாக மிதிக்கும்போது எல்லாச் சுரமும் பேசி, மென்மையாக மிதித்தால் சில மட்டும் ஊமையானால், முதல் சந்தேகம் பவுச் மேல்தான் விழ வேண்டும்.

தோலை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, காகிதம்போல் சரசரத்தாலோ கசிவை அடைக்கும் பூச்சு காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும். புதுத் தோலைச் சூடான வஜ்ஜிரத்தால் (விலங்குப் பசை) ஒட்டுங்கள். நடுவில் 2 மி.மீ. அளவு குழிவு இருக்கட்டும். இழுத்து ஒட்டிய தோல் எழும்பாது.

பூச்சுக்கு, ஒரு பங்கு ரப்பர் சிமெண்டை (ரப்பர் பசை) மூன்று நான்கு பங்கு நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானில் பால் பதத்துக்குக் கரைக்கவும். நாப்தா சட்டெனத் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, வஜ்ஜிர அடுப்பை அணைத்த பிறகே புட்டியைத் திறங்கள். மென்மையான பிரஷ்ஷால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். டப்பாவில் இருக்கும் கெட்டிச் சிமெண்டை அப்படியே பூசினால் கசிவு நிற்கும், கூடவே தோலும் விறைத்துவிடும். லேசாகக் கசியும் பவுச்கூட வேலை செய்யும், விறைத்தது செய்யாது.

ஒரு இரவு காயவிட்டு, பிசுபிசுப்புப் போக டால்க் பவுடரைத் தடவி, மிச்சத்தை முழுக்கத் தட்டிவிடுங்கள். பவுச்சின் அடியில் புகுந்த காற்று வெளியேறப் பக்கத்தில் இருக்கும் பிளீட் துளை 1 மி.மீ.கூட வராது, பவுடர் அடைத்தால் அந்தச் சுரம் விடாமல் ஒலிக்கும்.

ஷெல்லாக், வார்னிஷ் இரண்டும் விறைத்து வெடிக்கும். எண்ணெய் ரப்பரைக் கரைத்து, பசைப் பிடிப்பையும் கெடுக்கும். சிலிக்கோன் நன்றாக அடைக்கும். ஆனால் அது பட்ட மரத்தில் அடுத்த முறை வஜ்ஜிரம் பிடிக்காது. அடுத்தவர் கழற்றிப் பழுதுபார்க்க முடியாதபடி ஒரு பழைய கருவியை மூடிவிடுவது தவறு. வால்வின் முகத்தில் ஒட்டிய தோலுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். ரப்பர் பட்டால் வால்வு, தான் அமரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சோதிக்கும்போது பிளீட் துளையை டேப்பால் மூடுங்கள், இல்லையேல் அதன் கசிவைத் தோலின் கசிவென்று நினைப்பீர்கள். பவுச்சின் அடிக்குக் காற்று வரும் குழாயில் மெல்ல ஊதித் தோலை உயர்த்தி, குழாயின் வாயை நாக்கால் அடைத்து, மேலே ஒரு சிறு வாஷரை வையுங்கள். தோல் சில விநாடிகள் எடுத்து இறங்கினால் சரி. பொத்தென்று விழுவதற்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.