ஹேண்ட் பிளெண்டர் வாங்கும் முன்

ஹேண்ட் பிளெண்டர் என்றாலே எல்லோரும் வாட்ஸ் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் சூப் அடிக்கவும் காய், பழம் மசிக்கவும் 400 முதல் 600 வாட்ஸ் தாராளம். நான் முதலில் பார்ப்பது தண்டை. சூடான பாத்திரத்துக்குள் நேராக விடுகிற பொருள் இது, அதனால் ஸ்டீல் தண்டுதான் நல்லது. பிளாஸ்டிக்கில் கேரட், தக்காளி நிறம் ஏறினால் லேசில் போகாது. அப்புறம், தண்டு தனியாகக் கழல வேண்டும். அப்போதுதான் மோட்டாரில் தண்ணீர் படாமல் கழுவ முடியும்.

பிளேடைச் சுற்றியுள்ள குடையையும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வளைவான திறப்புகள் இருந்தால் சூப் உள்ளே போய் வெளியே சுழன்று வரும். இல்லாவிட்டால் பிளெண்டர் பாத்திரத்தின் அடியில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் விரல் கடுக்கும். இதைப் பலரும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கையேட்டில் இருக்கும். பல மாடல்களுக்கு ஒரு நிமிடம்தான், பிறகு ஆறவிட வேண்டும். பிளேடில் சிக்கியதை எடுக்கும்போது மட்டும் தயவுசெய்து பிளக்கைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.